அசிட்டோன் விட்டுப்போன பட்டியல்

போன மாதம் என் பழைய ஆய்வகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. புதிய மென்பொருள் ஒன்று வாங்கியிருக்கிறார்களாம். என்.எம்.ஆர் வரைபடத்தில் எது அழுக்கு என்று அதுவே கண்டுபிடித்து, யாரையும் கேட்காமல் அதுவே அழித்துவிடுமாம். அதற்குப் பழக்கிவிட ஒரு பட்டியல் வேண்டும், எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். யாரையும் கேட்காமல் அழிப்பது என்ற இடத்திலேயே எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. இருந்தாலும் உட்கார்ந்து பதினொரு பொருள்களை எழுதி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில்.

"ஒண்ணு குறையுது சார். மறந்துட்டீங்களா, இல்ல வேணும்னே விட்டீங்களா?"

கேட்டவர் யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இரண்டு வரியில் பதில் போட முயன்றேன், முடியவில்லை. ஆகவே இந்தக் கட்டுரை.

நான் மணியம். சிங்கப்பூரிலேயே பிறந்தவன், மார்சிலிங்வாசி. பாலிடெக்னிக்கில் வேதியியல் டிப்ளோமா முடித்த கையோடு என்.எம்.ஆர் கருவிக்குக் காவல்காரனாகச் சேர்ந்தேன். முதல் சில ஆண்டுகள் திரவ நைட்ரஜன் ஊற்றுவதிலும் கண்ணாடிக் குழாய் கழுவுவதிலும் போயின. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓய்வு பெறும்போது அதே கருவிக்கூடத்தின் பொறுப்பாளன்.

கருவியைப் பார்த்திராதவர்களுக்கு நாலு வரி. ஆளுயரத்தைவிடப் பெரிய வெள்ளைத் தொட்டி, உள்ளே கடுங்குளிரில் ஒரு பெரிய காந்தம். சோதிக்க வேண்டியதைப் பேனா ரீஃபில் போன்ற ஒல்லிக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, காந்தத்தின் நடுவில் இறக்குவோம். ரேடியோ அலை அனுப்பினால் அந்தப் பொருளில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் பதில் சொல்லும். பதில் ஒரு நீளக் கோட்டில் மேடு மேடாக வரும். அந்த மேட்டுக்கு பீக் என்று பெயர். எந்த எண்ணில் பீக் நிற்கிறது என்று பார்த்தால் குழாய்க்குள் யார் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

தொல்லை என்னவென்றால், கூப்பிடாதவர்களும் உள்ளே வந்து உட்கார்ந்திருப்பார்கள். மூடியில் தடவிய கிரீஸ், பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக அசிட்டோன். குழாயைக் கழுவிக் கடைசியாக அசிட்டோன் விட்டு அலசினால் சட்டென்று காய்ந்துவிடும் என்பதால் உலகத்தில் எல்லா வேதியியல்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு துளி தங்கிவிட்டாலும் வரைபடத்தில் கொடிக்கம்பம் மாதிரி நிற்கும். பார்த்த மாத்திரத்தில் "கழுவினது" என்று சொல்லித் தள்ளிவிட்டு மேலே போவோம்.

இப்படிப்பட்ட வேலையில் சந்தேகப்படாதவன் பிழைக்க மாட்டான். என் சந்தேகத்துக்குப் பேரும் இருந்தது. ஒருமுறை ஒரு ஆராய்ச்சி மாணவர் மூலிகை வேரிலிருந்து புது மூலக்கூறு பிரித்துவிட்டதாகச் சொன்னதும் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். தின்றுகொண்டே வரைபடத்தைப் பார்த்தேன். மூலக்கூறும் இல்லை, மூலிகையும் இல்லை, அவர் பயன்படுத்திய ரப்பர் குழாயிலிருந்து கரைந்து வந்த பிளாஸ்டிக் எண்ணெய். சொன்னேன். அதன் பிறகு அந்தத் தளத்தில் யாரும் எனக்குக் கேக் கொடுத்ததில்லை.

வீட்டிலும் இதே கதைதான். தேக்கா மார்க்கெட்டில் நான் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதைக் கண்டால் என் மனைவி சரசு நாலடி தள்ளிப் போய், யாரோ மாதிரி நின்றுகொள்வாள். "மீனு செத்துப்போச்சு, இனி அது பொய் சொல்லாது, வாங்க" என்பாள்.

நான் சொல்ல வந்தது ஓய்வு பெறுவதற்கு ஓராண்டு முன் நடந்தது. எங்கள் பேராசிரியர் இந்திராணி சிறுநீரக நோயாளிகளின் ரத்தத்தையும் ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தையும் ஒப்பிடும் ஆய்வை எடுத்திருந்தார். நோயாளிகள் கிடைத்துவிடுவார்கள். ஆரோக்கியமானவர்களைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. ஆள் குறைந்தால் ஆய்வகத்துக்காரர்களே வரிசையில் நின்று கையை நீட்டுவது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். நாங்களும் நின்றோம். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற தாள் கிளினிக் நர்சிடம் பூட்டிக் கிடக்கும். எந்த ரத்தத்திலாவது கோளாறு தெரிந்தால் நாங்கள் எண்ணைக் குறித்து ஆய்வின் மருத்துவருக்கு அனுப்ப வேண்டும், அவர் ஆளைக் கூப்பிட்டுச் சொல்வார். குழாய் அழுக்கு என்று தள்ளப்பட்டது மட்டும் அவருக்குப் போகாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேராசிரியர் இந்திராணிக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. குரலை உயர்த்த மாட்டார். நாம் என்ன சொன்னாலும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "எப்படித் தெரியும்?" என்று கேட்பார். அவ்வளவுதான். "மழை வரப்போகுது புரொஃப்" என்றாலும் அதே கேள்விதான். அந்த இரண்டு சொல்லுக்குப் பயந்து, அவர் அறைக்குள் போவதற்கு முன் நடைபாதையில் நின்று ஒத்திகை பார்த்தவர்கள் உண்டு. அந்த ஆண்டு அவர் நன்றாக மெலிந்திருந்தார். எல்லோரும் என்ன ரகசியம் என்று கேட்டார்கள். "நடக்கிறேன் லா" என்பார். கையில் எப்போதும் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில். நான் நம்பவில்லை. வேறு பல்கலைக்கழகத்தில் வேலை தேடுகிறார், அதற்குத்தான் இந்தப் புது அலங்காரம் என்று சரசுவிடம் அடித்துச் சொன்னேன்.

ரத்தச் சோதனைகளைச் செய்ய வந்தவள் கலைச்செல்வி. திருவாரூர்க்காரி, முனைவர் பட்டம் முடித்தவள், ஆங் மோ கியோவில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஓராண்டு ஒப்பந்தம். அது அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பித்தால் இருக்கலாம், இல்லையென்றால் வேலை பாஸை ஒப்படைத்துவிட்டு விமானம் ஏற வேண்டும். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. அந்தச் சுத்தமே எனக்கு உறுத்தியது. இவ்வளவு வேகமாக இவ்வளவு சுத்தம் எப்படி வரும்?

ரத்தத்துக்கு மட்டும் ஒரு தனிச் சட்டம் போட்டிருந்தேன். மனித உடம்பே கொஞ்சம் அசிட்டோன் உண்டாக்கும் என்பதால், இந்தக் குழாய்களை அசிட்டோன் விட்டு அலசக் கூடாது. காய்ச்சி வடித்த நீர்தான். காய ஒரு நாள் ஆகும், ஆகட்டும். குழாய் கழுவும் தொட்டிக்கு மேலே கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தேன். அசிட்டோன் பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஆரோக்கியமானவர்கள் வரிசையில் இருபத்தேழாம் எண். திரையில் வரைபடம் விரிந்ததும் 2.22 என்ற இடத்தில் கொடிக்கம்பம். நான் அதற்கு மேல் பார்க்கவில்லை.

"அசிட்டோன் விட்டு அலசியிருக்கே" என்றேன்.

"இல்ல சார், தண்ணிதான்."

"அவசரத்துல மறந்திருப்பே."

"நான் மறக்கல சார். அதோட குளுக்கோஸும் அதிகமா இருக்கு, பாருங்களேன்."

"ரத்தம் கொடுக்க வர்றதுக்கு முன்னாடி கீழ காப்பிக்கடையில சீனி போட்ட தே தாரிக் டீ அடிச்சிட்டு வந்திருப்பான். வெறும் வயித்துல வாங்கன்னா எவன் கேக்குறான்? மறுபடி ஓட்டு."

பதிவேட்டை எடுத்து எழுதினேன்: எண் 27, குழாய் அழுக்கு, கழுவியவர் கலைச்செல்வி.

ஒவ்வொருவரின் ரத்தமும் சின்னச் சின்னக் குப்பிகளாக உறைபெட்டியில் இருக்கும். இரண்டு நாள் கழித்து அடுத்த குப்பியை எடுத்து, வேறு குழாயில் ஓட்டினாள். அதே இடம், அதே உயரம். பேராசிரியரும் வந்து நின்று பார்த்தார். நான் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பினேன், மூக்கில் பளிச்சென்று அசிட்டோன் வாசம். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

"இந்த வாசம் எங்கேருந்து வருது? பாட்டிலைத் திறந்து வெச்சிருக்கியா?"

கலைச்செல்வி என்னை நேராகப் பார்த்தாள். "பாட்டில் அலமாரியில இருக்கு சார். சாவி உங்க பாக்கெட்ல இருக்கு."

தொட்டுப் பார்த்தேன், இருந்தது. என் சந்தேகத்தை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. எங்கோ இரண்டாவது பாட்டில் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டி, அவள் சாப்பிடப் போன நேரத்தில் மேசை இழுப்பறைகளைத் திறந்து பார்த்தேன். ஒரு பாக்கெட் பிஸ்கட், ஒரு தைலம், அம்மா அப்பா படம். பதிவேட்டில் இரண்டாம் வரி ஏறியது.

பத்து நாள் கழித்து மூன்றாம் முறை ஓட்டியபோதும் அப்படியே. அவள் வரைபடத்தை அச்செடுத்து, அதில் பென்சிலால் ஏதோ வட்டம் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். "சார், ஒரு நிமிஷம் இதை மட்டும் பாருங்க." நான் வாங்கவில்லை. பதிவேட்டில் மூன்றாம் வரி எழுதினேன். அன்று மாலையே பேராசிரியருக்கு மின்னஞ்சல் போட்டேன். கவனக்குறைவு, சொன்னால் கேட்பதில்லை, ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது உசிதமல்ல. உசிதம் என்ற சொல்லைத் தேடிப் பிடித்துப் போட்டது இன்றும் நினைவிருக்கிறது.

ஆனாலும் சந்தேகக்காரனுக்குத் தன் ஆதாரத்தின் மேலேயே சந்தேகம் வரும். வெள்ளிக்கிழமை காலை, யாரிடமும் சொல்லாமல், பிரிக்காத பெட்டியிலிருந்து புத்தம்புதுக் குழாய் எடுத்தேன். இருபத்தேழின் கடைசிக் குப்பியை நானே கரைத்து, நானே ஊற்றி, நானே இறக்கினேன். பக்கத்திலேயே ரத்தம் கலக்காத வெறும் கரைசலையும் ஓட்டினேன். வெறும் கரைசல் சுத்தம். இருபத்தேழில் கொடிக்கம்பம், ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை.

அப்போது என் புத்தி எங்கே போனது என்று நினைக்கிறீர்கள்? குப்பிக்குள்ளேயே ஊற்றிவிட்டாள், என்னைப் பழிவாங்க, என்று போனது.

அன்று மதியம் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ஆய்வகத்தின் தீபாவளி விருந்து. எனக்கு எதிரே பேராசிரியர், பக்கத்தில் கலைச்செல்வி. அவள் என்னோடு பேசவில்லை. பேராசிரியர் இலையைத் தொடவே இல்லை. எலுமிச்சைச் சாறு மட்டும் மூன்று டம்ளர் குடித்தார். இரண்டு முறை எழுந்து கழிப்பறைக்குப் போய் வந்தார். மூச்சு கொஞ்சம் வாங்கியது. என்னிடம் ஏதோ கேட்க முன்னால் குனிந்தார்.

மீன்தலைக் கறி மணத்துக்கு நடுவே அசிட்டோன் வாசம்.

முதலில் என் சட்டையை முகர்ந்தேன், இல்லை. நகப்பூச்சு அழிக்கும் திரவத்திலும் அசிட்டோன்தான் இருக்கும், அதனால் அவர் விரல்களைப் பார்த்தேன். நகத்தில் பூச்சே இல்லை.

"புரொஃப், லேப்லேருந்தா வர்றீங்க?"

"இல்ல மணியம். காலையில ஃபுல்லா தஞ்சோங் பகார்ல மீட்டிங். அங்கேருந்து ஸ்ட்ரெய்ட்டா எம்ஆர்டி ட்ரெயின் ஏறி வந்தேன். ஏன்?"

ஆய்வகத்தில் எல்லோர் மீதும் அந்த வாசம் வீசும், ஆகவே யார் மீது வீசுகிறது என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. மற்ற எந்த அலுவலகமாக இருந்தாலும் பக்கத்து மேசைக்காரர் என்றைக்கோ கேட்டிருப்பார். அன்று கழுவும் தொட்டியருகே வாசம் வந்தபோது என் பக்கத்தில் நின்றவர் இவர்தான்.

கலைச்செல்வி பக்கம் திரும்பினேன். "அந்தத் தாள் வெச்சிருக்கியா?"

அவள் பையிலிருந்து எடுத்தாள். பல நாள் சுமந்து மடிப்பு விட்டிருந்தது. இலையை நகர்த்திவிட்டு விரித்தேன். பென்சில் வட்டம் 1.20 என்ற இடத்தில் இருந்த இரட்டைப் பீக்கைச் சுற்றியிருந்தது. 2.27இல் இன்னொரு சின்ன வட்டம்.

கழுவிய அசிட்டோன் தனியாக வரும். உடம்பு உண்டாக்கிய அசிட்டோன் தனியாக வராது, தன் இரண்டு உறவுக்காரர்களோடுதான் வரும். சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது மூன்றும் சேர்ந்தே பிறக்கின்றன. அந்த இரண்டு வட்டங்களும் அந்த உறவுக்காரர்கள்தான். தே தாரிக் குடித்தவனாக இருந்தால் இவை ஏறியே இருக்காது. ரத்தத்தில் சர்க்கரையும் நிறைய, இவையும் நிறைய என்றால் அது ஒரே ஒரு செய்திதான். மூன்று வாரமாக அந்தப் பெண் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் பின்னால் அலைந்திருக்கிறாள். நான் ஒரு கொடிக்கம்பத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"புரொஃப், நீங்களும் ரத்தம் கொடுத்தீங்கதானே?"

"எல்லாரும்தானே கொடுத்தோம்."

"உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். உங்களுக்குச் சர்க்கரை ரொம்ப ஏறியிருக்கு."

கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. "எப்படித் தெரியும்?"

ஒத்திகை பார்க்க நேரமில்லை. "உங்க மூச்சுல அசிட்டோன் வாசம் வருது. மெலிஞ்சுட்டீங்க, தண்ணியா குடிக்கிறீங்க, மூச்சு வாங்குது. இருபத்தேழாம் நம்பர் நீங்களான்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் எனக்கு உரிமையில்ல. நான் சொல்றது தப்பா இருந்தா திங்கட்கிழமை என்னைத் திட்டுங்க."

அவர் தாளைப் பார்த்தார். பென்சில் வட்டங்களைப் பார்த்தார். "வட்டம் யார் போட்டது?"

"கலைச்செல்வி."

வேறெதுவும் கேட்காமல் கைப்பையை எடுத்துக்கொண்டார். எழும்போது தள்ளாடினார். கலைச்செல்விதான் தாங்கிப் பிடித்து டாக்சியில் ஏற்றி, கூடவே போனாள். அவசரப் பிரிவில் விரலில் குத்திப் பார்த்தார்களாம். அளக்கும் கருவி எண் காட்டாமல் "ஹை" என்று மட்டும் காட்டியதாம். அந்த வயதில் அப்படி வருவது குறைவுதான், ஆனால் வரும் என்றாராம் டாக்டர். வார இறுதியை வீட்டில் படுத்துக் கழித்திருந்தால் திங்கட்கிழமை எழுந்திருப்பது நிச்சயமில்லை என்றும் சொன்னாராம். கலைச்செல்வி தொலைபேசியில் இதைச் சொன்னபோது நான் லிட்டில் இந்தியா ஸ்டேஷன் படியில் உட்கார்ந்துவிட்டேன். என் மூன்று வரிகள் இல்லாதிருந்தால் அந்த எண் மூன்று வாரத்துக்கு முன்பே டாக்டரிடம் போயிருக்கும்.

சனிக்கிழமை இரண்டாவது மின்னஞ்சல் எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன், உசிதம் எல்லாம் இல்லாமல்.

செவ்வாய்க்கிழமை வார்டுக்குப் போனேன். பேராசிரியர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கையில் சொட்டு ஊசி, மடியில் கைபேசி.

"உங்ககிட்டேருந்து ரெண்டு ஈமெயில் இருக்கு மணியம். ரெண்டும் இன்னும் திறக்கல. எதை முதல்ல படிக்கணும்?"

ரெண்டாவதை மட்டும் படியுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். முதலாவதை நானே அழிக்கச் சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியாது. "முதல்ல வந்ததையே முதல்ல படிங்க புரொஃப்" என்றேன்.

படித்தார். பிறகு அடுத்ததையும் படித்தார். நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பொண்ணைப் பத்தி இதை எழுதினப்போ, எப்படித் தெரியும்னு உங்களையே ஒருதடவை கேட்டுக்கலையா?"

"கேட்கல."

"ஹ்ம்ம்" என்றார். முப்பது ஆண்டு வேலையில் என்னை யாரும் அந்த அளவுக்குத் திட்டியதில்லை.

மறுநாள் காலை பதிவேட்டை எடுத்துக்கொண்டு கலைச்செல்வியின் மேசைக்குப் போனேன். ஆய்வகப் பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது, கிழிக்கவும் கூடாது. தவறு என்றால் அதன் குறுக்கே ஒரே ஒரு கோடு, கீழே எழுதியிருப்பது படிக்கத் தெரிய வேண்டும். அவள் பார்க்க மூன்று வரிகளின் மேலும் கோடு போட்டேன். பக்கத்தில் எழுதினேன்: குழாய் சுத்தம், கழுவியவர் சரி, பார்த்தவர் தவறு. கையெழுத்திட்டேன்.

"உன் மேசையையும் திறந்து பார்த்தேன்" என்றேன்.

"தெரியும் சார். பிஸ்கட் பாக்கெட் தலைகீழா இருந்துச்சு."

மன்னிப்புக் கேட்டேன். அவள் "பரவால்ல சார்" என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, வரி வரியாகப் படித்தாள்.

"தேதி போடலையே சார்."

போட்டேன். அதற்குப் பிறகுதான் சாட்சிக் கையெழுத்து இட்டாள்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. பேராசிரியர் இன்று இன்சுலின் ஊசியோடு நலமாக இருக்கிறார், மறுபடி கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு யாரைப் போடலாம் என்று கேட்டார். ஒரே ஒரு பெயரைச் சொன்னேன். எப்படித் தெரியும் என்று அந்த ஒருமுறை மட்டும் அவர் கேட்கவில்லை.

போன மாதம் வந்த மின்னஞ்சலின் அடியில் இருந்த பெயரும் அதுதான். ஒண்ணு குறையுது சார் என்று கேட்டவளும் அவள்தான். என்னைச் சோதித்துப் பார்க்கிறாள் என்று எனக்குச் சந்தேகம். இருக்கட்டும், அதற்கான உரிமை அவளுக்கு நிறையவே உண்டு.

வேண்டுமென்றேதான் விட்டேன், கலைச்செல்வி. அசிட்டோனை அழிக்கும் வேலையை மிஷினிடம் கொடுக்காதே. பட்டியலின் கீழே பார், இந்தத் தடவை தேதியும் போட்டிருக்கிறேன்.